கழிவுக் குழாய்க்கும் தனி அறை வேண்டும்!

“தாத்தா, நானே தண்ணி பைப் மாட்டறேன்!”

ஐந்து வயதுப் பேரன் இப்படிச் சொன்னால் எந்தத் தாத்தாதான் வேண்டாம் என்பார்? நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்கு இரண்டு நாள் கழித்து வருத்தப்பட வேண்டியதாயிற்று.

2023 ஜூன் மாதம். அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் இருக்கும் மகள் வீட்டுக்கு நானும் என் வீட்டம்மாவும் போயிருந்தோம். மாப்பிள்ளை புதிதாக ஒரு ‘டிராவல் ட்ரெய்லர்’ வாங்கியிருந்தார். வண்டிக்குப் பின்னால் கோத்து இழுத்துக்கொண்டு போகும் குட்டி வீடு அது. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், குளியலறை, கழிப்பறை எல்லாம் உள்ளேயே உண்டு. ஃபிரியோ நதிக்கரையில் இருக்கும் கார்னர் ஸ்டேட் பார்க்குக்குக் கிளம்பினோம். நம் வாசகர் வீடுகளில் பலருக்கு மகனோ மகளோ அங்கே இருக்கிறார்கள். நாளைக்கு உங்களையும் இப்படி ஒரு பயணத்துக்கு அழைத்துப் போகலாம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வண்டியின் பக்கவாட்டில் சாமான் வைக்கும் அறை ஒன்று. கதவைத் திறந்தால் இரண்டு குழாய்கள் பின்னிப் பிணைந்து கிடந்தன. ஒன்று வெள்ளை நிறம், குடிநீருக்கானது. இன்னொன்று தடிமனான பழுப்பு நிறக் குழாய். கழிப்பறைக் கழிவை வெளியேற்றுவது. கிளம்பிய அன்று காலையிலேயே அதைப் பார்த்தேன். மனசுக்குள் ‘சுருக்’கென்றது. ஆனால், ‘மாப்பிள்ளை வண்டியாச்சே, வந்த இடத்தில் நாம என்ன குறை சொல்றது’ என்று வாயை மூடிக்கொண்டேன்.

பேரன் வெள்ளைக் குழாயை இழுத்து வந்தான். முனையை வாயில் வைத்து ஊதிப் பார்த்தான். குழாயில் மாட்டிய பிறகு அதிலேயே இரண்டு வாய் தண்ணீரும் குடித்தான். மறுநாள் இரவு வாந்தி, விடிவதற்குள் நான்கு முறை பேதி.

அந்தக் குழாயால்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. ஆற்றுத் தண்ணீரை விழுங்கியிருக்கலாம். வேறு குழந்தையிடமிருந்து தொற்றியிருக்கலாம். ஆனால் ஒரு வைத்தியன், கண்ணெதிரே இருந்த ஆபத்தைக் கௌரவம் பார்த்துச் சொல்லாமல் விட்டான் என்பது மட்டும் நிச்சயம்.

கழிவு எங்கே போகிறது?

இந்த வண்டிகளில் பொதுவாக மூன்று தொட்டிகள் இருக்கும். ஒன்று நல்ல தண்ணீருக்கு. இரண்டாவது, கை கழுவுவது, குளிப்பது, பாத்திரம் துலக்குவது ஆகியவற்றின் தண்ணீர் சேரும் ‘சாம்பல் தொட்டி’. மூன்றாவது, மலமும் சிறுநீரும் சேரும் ‘கறுப்புத் தொட்டி’. தொட்டி நிறைந்ததும் ‘டம்ப் ஸ்டேஷன்’ என்ற இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், 3 அங்குல விட்டமுள்ள மடக்குக் குழாயை மாட்டி, பூமிக்குள் இருக்கும் சாக்கடைத் துளையில் விடுகிறார்கள். வண்டிக்காரரே கையுறை போட்டுக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மாப்பிள்ளையும் அப்படித்தான் செய்கிறார். நம் கழிவை நாமே அகற்றுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. பார்க்கப்போனால் அதுதான் மரியாதை.

சிக்கல், வேலை முடிந்த பிறகு வருகிறது. எவ்வளவுதான் அலசினாலும் அந்தக் குழாயின் மடிப்புகளில் ஈரமும் கிருமியும் மிச்சம் இருக்கும். அதை எங்கே வைப்பது? நம் வீடுகளில் கக்கூஸ் வாளியையும் குளிக்கிற வாளியையும் மாற்றி வைத்தால் பாட்டி சும்மா விடுவாரா? அதே நியாயம்தான் இங்கேயும்!

கண்ணுக்குத் தெரியாத பயணம்

டைஃபாய்டு, மஞ்சள் காமாலையில் ஒரு வகையான ‘ஹெபடைடிஸ் ஏ’, குழந்தைகளைப் படுத்தும் ரோட்டா வைரஸ் எல்லாம் மலத்திலிருந்து கைக்கு, கையிலிருந்து வாய்க்கு என்று பயணம் செய்பவை. இதில் பொல்லாதது நோரோ வைரஸ். 1968-ல் ஓஹியோ மாநிலத்தின் நார்வாக் என்ற ஊரில், பள்ளிக் குழந்தைகளுக்குக் கூட்டமாக வாந்தி கண்டது. அந்த ஊரின் பெயரால்தான் இந்த வைரஸுக்குப் பெயர் வந்தது. உடம்பில் புகுந்த 12 முதல் 48 மணி நேரத்துக்குள் வாந்தி, பேதி ஆரம்பிக்கும். மிக மிகக் கொஞ்சம் உள்ளே போனாலே போதும். இன்னொன்றையும் கவனியுங்கள். பலரும் நம்பியிருக்கும் ஆல்கஹால் கை திரவம் இந்த வைரஸிடம் சரியாக வேலை செய்வதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் துணை.

மாப்பிள்ளை செய்த குழாய் வீடு

பேரன் மூன்றாம் நாள் தேறிவிட்டான். ஊர் திரும்பியதும், “மாமா, அன்னைக்கே நீங்க சொல்லியிருக்கலாமே” என்றார் மாப்பிள்ளை. கோபமில்லை, உண்மையான வருத்தம். “இப்ப சொல்றேன் மாப்பிள்ளை. அழுக்குக் குழாய்க்குத் தனி அறை வேணும்” என்றேன். அடுத்த சனிக்கிழமை இரண்டு பேருமாக உட்கார்ந்து செய்தோம்.

பல ட்ரெய்லர்களில் பின்பக்க பம்பர், 4 அங்குலச் சதுர இரும்புக் குழாயாகவே இருக்கும். கழிவுக் குழாயை அதற்குள் திணிப்பவர்கள் உண்டு. ஆனால் குழாய் முனையிலுள்ள பூட்டு வளையம் பெரும்பாலும் அதில் நுழையாது. ஈரம் தங்கி இரும்பு துருப்பிடிக்கும். பிளாஸ்டிக் மூடி வழியில் கழன்று விழும். 4 அங்குல உருளை பி.வி.சி. பைப்பிலும் அதே வளையம் தகராறு செய்யும்.

நாங்கள் வாங்கியது, அமெரிக்க வீடுகளுக்கு வெள்ளை வேலி போடப் பயன்படும் 5 அங்குலச் சதுர வினைல் கம்பம். உள்ளே காலியாக இருக்கும், விலையும் அதிகமில்லை. அதற்கேற்ற மூடிகளும் அதே கடையில் கிடைக்கும். குறுக்குச் சட்டம் நுழைக்க ஏற்கெனவே துளை போட்ட கம்பங்களும் உண்டு. நமக்கு வேண்டியது துளையில்லாதது.

செய்முறை இதுதான்:

1. கழிவுக் குழாயை நன்றாக அமுக்கிச் சுருக்கி, இரு முனைப் பூட்டுகளோடும் சேர்த்து நீளத்தை அளந்துகொள்ளுங்கள். அதைவிட அரையடி கூடுதலாகக் கம்பத்தை ஆக்ஸா பிளேடால் அறுங்கள். வெட்டிய ஓரத்தை அரத்தால் தேய்த்து மழுங்கச் செய்யுங்கள். இல்லாவிட்டால் குழாய் கிழியும்; கையும் கிழியும்.

2. ஒரு முனையில் மூடியைப் பசை வைத்து, திருகும் போட்டு நிரந்தரமாக மூடிவிடுங்கள்.

3. மறு முனை மூடிதான் கதவு. மூடியையும் கம்பத்தையும் சேர்த்து டிரில்லிங் மெஷினால் ஒரே துளையாகப் போட்டு, துருப்பிடிக்காத பின் ஒன்றைக் குறுக்கே செருகி, அது நழுவாமல் கிளிப் மாட்டுங்கள். மூடியை ஒரு கயிற்றால் கம்பத்தோடு கட்டிவிட்டால் தொலையாது.

4. கம்பத்தின் அடிப்பக்கம், இரு முனைகளிலும் நான்கைந்து துளைகள் போடுங்கள். ஈரம் வடியவும் காற்று ஓடவும் இது அவசியம். உள்பக்கம் துருப்பிடிக்காத கம்பி வலையை ஒட்டுங்கள். இல்லையென்றால் குளவி குடியேறிவிடும்!

என் வீட்டம்மா எட்டிப் பார்த்து, “உள்ளே ரெண்டு கற்பூரம் போட்டு வைங்களேன், வாடை வராது” என்றார். வாடையை மறைப்பது வேறு, அழுக்கை நீக்குவது வேறு. அலசி, வடித்து, காற்றாட வைத்தால் வாடை தானே அடங்கும்.

வண்டியில் எப்படிப் பொருத்துவது?

செய்வதைவிடப் பொருத்துவதில்தான் ஜாக்கிரதை தேவை. ஓடுகிற வண்டியிலிருந்து கழன்று விழுந்தால், பின்னால் வருகிறவர் உயிருக்கே ஆபத்து.

வண்டியின் அடிச்சட்டத்தில், கழிவு வால்வு இருக்கும் பக்கமாக இடம் பாருங்கள். குடிநீர் உள்ளே போகும் துவாரத்திலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சமையல் காஸ் குழாய், ஹீட்டர் புகை வெளியேறும் இடம், சக்கரம் இவற்றின் அருகே வேண்டாம். பின்பக்கம் மிகத் தாழ்வாகத் தொங்கினால் மேடு பள்ளத்தில் தரை தட்டும். விளக்கையும் நம்பர் பலகையையும் மறைக்கக் கூடாது.

அடிச்சட்டம்தான் வண்டியின் முதுகெலும்பு. விவரம் தெரியாமல் அதில் துளை போடாதீர்கள். கிளாம்பால் கவ்விப் பிடிக்கும் ஆங்கிளும், கம்பத்தைச் சுற்றி வரும் இரும்புப் பட்டையும் போதும். இரண்டு அடிக்கு ஒரு பிடிமானம் வேண்டும். டெக்சாஸ் வெயிலில் வினைல் இளகித் தொய்ந்துவிடும். பட்டைக்கும் கம்பத்துக்கும் நடுவே ரப்பர் துண்டு வையுங்கள். உள்ளே நைலான் வளையம் வைத்த நட் போட்டால் அதிர்வில் தளராது. கதவுப் பக்கம் சற்றே சரிவாக இருந்தால் ஈரம் தேங்காது. முதல் பயணத்தில் 50 மைல் ஓடியதும் நிறுத்தி, எல்லா நட்டையும் மறுபடி முடுக்குங்கள்.

வெள்ளைக் குழாய்க்கு வண்டிக்குள் மூடியுள்ள தனிப் பெட்டி. அழுக்குக் குழாய்க்கு வண்டிக்கு வெளியே தனி வீடு. இரண்டும் இனி சந்திக்கவே கூடாது!

கழிவை வெளியேற்றும்போது...

குழந்தைகள் தள்ளி நிற்கட்டும். கையுறை போட்டுக் குழாயை மாட்டி, முதலில் கறுப்புத் தொட்டியைத் திறக்க வேண்டும். அது காலியானதும் மூடிவிட்டு, சாம்பல் தொட்டியைத் திறந்தால் அந்தத் தண்ணீர் குழாயை ஓரளவு அலசிவிடும். கறுப்புத் தொட்டி மூன்றில் இரண்டு பங்காவது நிறைந்த பிறகு திறந்தால்தான் கட்டியாக இருப்பது அடித்துக்கொண்டு போகும். அதன் வால்வை எப்போதும் திறந்தே வைப்பது தவறு. தண்ணீர் வடிந்து, மலம் அடியில் இறுகிவிடும்.

பிறகு குழாயை வண்டிப் பக்கமிருந்து தூக்கிப் பிடித்து முழுக்க வடியவிட்டு, அங்கே அலசுவதற்கென்று இருக்கும் குழாய்த் தண்ணீரால் அலசுங்கள். ‘குடிக்க உகந்ததல்ல’ என்று எழுதியிருக்கும் அந்தக் குழாயில் குடிநீர்க் குழாயை மாட்டவே கூடாது. சுத்தம் செய்கிறேன் என்று பிளீச்சை சிறுநீர்க் கழிவோடும் கழிப்பறை மருந்துகளோடும் கலக்காதீர்கள். நெஞ்சை அடைக்கும் விஷ வாயு கிளம்பும். குழாயை அதன் வீட்டில் வைத்துப் பூட்டி, கையுறையைக் கழற்றிய பிறகு, சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். கதவுப் பின்னைத் தொட்ட கையும் அழுக்குக் கைதான்!

மீறி வாந்தி, பேதி வந்தால்?

நான் சித்த வைத்தியன்தான். ஆனாலும் முதலில் கொடுக்கச் சொல்வது உப்பு சர்க்கரைக் கரைசலான ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைத்தான். ஸ்பூன் ஸ்பூனாக, அடிக்கடி கொடுங்கள். வாந்தி அடங்கியதும் நன்றாகக் குழைந்த அரிசிக் கஞ்சி நல்லது. குழந்தை ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்கவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, மலத்தில் ரத்தம், துவண்டு கிடக்கிறது என்றால் கைவைத்தியம் வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடக்காதீர்கள்!

சித்த மருத்துவத்தில் ‘பதினான்கு வேகங்கள்’ என்று உண்டு. மலம், சிறுநீர் போன்றவை இயற்கையாக வரும்போது அடக்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்தப் பயணத்தில் என் வீட்டம்மா, “அந்தக் குழாயைப் பார்த்தாலே அருவருப்பா இருக்கு” என்று வண்டிக் கழிப்பறைக்குப் போகாமல் அடக்கிக்கொண்டே இருந்தார். அதற்காகத் தண்ணீரையும் குறைத்தார். நீர்க்கடுப்பும் மலச்சிக்கலும்தான் மிச்சம்! வயதானவர்களும் பெண்களும் பயணங்களில் செய்கிற தப்பு இது. கழிவுக்கு ஒழுங்கான ஏற்பாடு இருந்தால் இந்த அருவருப்பும் பாதி குறைந்துவிடும். அடுத்த பயணத்தில் அவர் நிம்மதியாகத் தண்ணீர் குடித்தார்.

கல்லூரியில் எங்களுக்கு ‘நோயில்லா நெறி’ என்றே ஒரு பாடம் உண்டு. நோய் வந்தபின் கொடுக்கிற மருந்தைவிட, வருமுன் காக்கிற ஒழுங்கு பெரிது என்பதுதான் அதன் உயிர். ஐந்து அங்குல வேலிக் கம்பமும் நான்கு பட்டையும் அந்த நெறியில் சேர்ந்தவைதான்.

இன்னொரு நெறியையும் பேரன் எனக்குக் கற்றுக் கொடுத்தான். சம்பந்தி வீடோ, மாப்பிள்ளை வண்டியோ, தப்பைப் பார்த்தால் பக்குவமாக அன்றைக்கே சொல்லிவிடுங்கள். மரியாதை குறையாது. குழந்தைகள் நன்றாக இருப்பார்கள்.