மருந்துக்கு மசியாத கிருமி

(வானொலியில் ஒலிபரப்பான பண்ணைப் பேச்சு)



"முந்தி ஒரு பொட்டலம் அடிச்சா நோய் நின்னுச்சு. இப்போ மூணு பொட்டலம் அடிச்சும் நிக்க மாட்டேங்குதே அண்ணாச்சி, கிருமிக்கு மருந்து பழகிப்போச்சோ?" என்று கொடிக்கால்காரர்கள் கேட்கிறார்கள். ஆத்தூர், முக்காணி, காயல்பட்டினம் வட்டாரத்தில் வெற்றிலை வைத்திருப்பவர்கள் மட்டுமல்ல. பிசான நெல்லில் இலைக்கருகல் கண்டவர்களும், ஆட்டுக்கு ஊசி போட்டுக் குணம் தெரியாதவர்களும் இதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: பழகிப்போச்சு. இந்த வார்த்தையை நம்பினால் அடுத்துச் செய்யத் தோன்றுவது மருந்தைக் கூட்டுவது. அது காசுக்கும் கேடு, வீட்டுக்கும் கேடு. ஏன் என்று புரிய, கிருமியின் குலம் கோத்திரம் கொஞ்சம் தெரிய வேண்டும்.

நான் சொல்வது பாக்டீரியா என்கிற நுண்ணுயிரைப் பற்றி. பூசணம் வேறு. கொடியின் அடி அழுகித் துவண்டு வாடுவது பெரும்பாலும் பூசண வகையால். இலையில் நீர் கசிந்த மாதிரி புள்ளி விழுந்து, கறுத்து, சுற்றிலும் மஞ்சள் வளையம் கட்டினால் அது பாக்டீரியாவின் வேலையாக இருக்கும். கடையில் வாங்கி அடித்த பொட்டலத்தில் உள்ள ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் இரண்டும் பாக்டீரியாவுக்கு என்று உண்டான மருந்துகள். மனுஷருக்காக வந்த மருந்துகளும்கூட. 1943-ல் அமெரிக்காவில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினை எடுத்தார்கள்; காசநோய்க்கு முதன்முதலாகக் கேட்ட மருந்து அதுதான்.

பாக்டீரியா ஒரே அறை கொண்ட உயிர். ஆணும் பெண்ணும் கூடிக் குட்டி போடுவதில்லை; ஒன்று இரண்டாகப் பிளக்கும், இரண்டு நாலாகும். நம் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியா, தீனியும் சூடும் நன்றாக வாய்த்தால் 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை பிளக்கும். ராத்திரி 8 மணிக்கு ஒன்று இருந்தால், காலை 6 மணிக்குள் 30 தடவை பிளந்து 107 கோடியாகிவிடும். தீனி தீர்ந்துபோவதால் எப்போதும் அப்படி நடக்காது. ஆனாலும் வேகத்தைப் பாருங்கள். நமக்கு ஒரு தலைமுறைக்கு இருபது இருபத்தைந்து வருஷம். அதற்கு இருபது நிமிஷம்.

விரை ஒன்று போட்டால் சுரை ஒன்று முளைக்காது அல்லவா? அந்த நியாயம் கிருமிக்கும் உண்டு. அதன் குணமெல்லாம் டி.என்.ஏ. என்ற சரட்டில் எழுதி வைத்திருக்கிறது. ஈ. கோலையில் அந்தச் சரடு ஒரு வளையம். அதில் சுமார் 46 லட்சம் எழுத்து. எழுத்து நாலே வகைதான், அவற்றை மாற்றி மாற்றி அடுக்கியதுதான் எல்லாம். இன்ன வேலையை இப்படிச் செய் என்று சொல்லும் ஒவ்வொரு பகுதியும் ஒரு மரபணு. சுமார் 4,300 இருக்கின்றன. பிளக்கும்போது 46 லட்சம் எழுத்தையும் படி எடுத்தாக வேண்டும். ஏட்டைப் பார்த்து எழுதுகிறவருக்குக் கை தவறுகிற மாதிரி இங்கேயும் தவறும். ரொம்பக் கெட்டிக்கார எழுத்தர்தான். ஆயிரம் பிளவுக்கு ஒரு எழுத்து மாறினால் அதிகம். ஆனால் 107 கோடியில் கணக்குப் போட்டுப் பாருங்கள், பத்து லட்சம் தவறு சேர்ந்துவிடும். பெரும்பாலானவை ஒன்றுக்கும் உதவாது. சிலது கிருமியையே கொன்றுவிடும். எங்கோ ஒன்று, கிருமிக்கு லாபமாக விழும்.

எப்படி லாபம்? கிருமியின் உள்ளே புரதம் நெய்கிற நுண்ணிய தறிகள் உண்டு. ஸ்ட்ரெப்டோமைசின் அந்தத் தறியில் கட்டையைச் செருகுகிற மாதிரி போய் உட்காரும். நெசவு கெட்டு, கிருமி சாகும். தறியைப் பற்றிய குறிப்பில் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், கட்டை செருகும் இடம் உருமாறிவிடும். மருந்து இருந்தும் ஒன்றும் செய்யாது.

இந்த மாற்றம் மருந்து அடித்ததால் வந்ததா, அடிக்கும் முன்பே இருந்ததா? இங்கேதான் 'பழகிப்போச்சு' என்பது தவறிப்போகிறது.

2023 டிசம்பர் வெள்ளத்தை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி ஒரு வெள்ளத்தில் நாள்கணக்காக மூழ்கிய வயலில், தண்ணீர் வடிந்த பிறகு எங்கோ ஒரு தூர் பச்சையாக நிற்கிறது என்று வையுங்கள். வெள்ளமா அதற்கு மூச்சடக்கக் கற்றுக்கொடுத்தது? குணம் முன்பே உள்ளே இருந்தது, வெள்ளம் மற்றதை அழித்து அதைக் காட்டிக்கொடுத்தது. சி.ஆர். 1009 சப் 1 என்று நெல் ரகம் இருக்கிறதே, மூழ்கினாலும் தாங்கும் அதன் குணம் ஒடிசாவின் ஒரு நாட்டு நெல்லில் முன்பே இருந்ததுதான்.

கிருமியிலும் இதேதான் என்று 1952-ல் அமெரிக்காவில் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் என்ற தம்பதியர் காட்டினார்கள். அவர்கள் உபயோகித்தது ஒரு துண்டு வெல்வெட் துணி. தட்டில் புள்ளி புள்ளியாக வளர்ந்த கிருமிக் கூட்டத்தின் மேல் துணியை ஒற்றி, ரப்பர் முத்திரை குத்துகிற மாதிரி ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த வேறு தட்டுகளில் குத்தினார்கள். எல்லாத் தட்டிலும் ஒரே இடத்தில் கிருமி பிழைத்தது. பிறகு மருந்தே படாத முதல் தட்டில் அதே இடத்துக் கிருமியை எடுத்துப் பார்த்தார்கள். அங்கே மருந்துக்கு மசியாதது முன்பே உட்கார்ந்திருந்தது!

ஆக, மருந்து கிருமிக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. மசிகிறதைக் கொன்று, மசியாததற்கு இடம் காலி பண்ணிக் கொடுத்தது. களை எடுக்கப் போய்ப் பயிரைப் பிடுங்கி, களையை விட்டுவந்த கதை. மூணு பொட்டலமும் செய்தது அதைத்தான்.

இத்தனையும் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகிற சொத்து. கிருமிக்கு இன்னொரு வழியும் உண்டு. எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். பெரிய வளையம் போக, பாக்டீரியாவுக்குள் சின்னச் சின்ன வளையங்களும் இருக்கும். பிளாஸ்மிட் என்று பெயர். துண்டுச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிருமி பக்கத்துக் கிருமியோடு ஒட்டிக்கொண்டு, இந்தச் சீட்டைப் படியெடுத்துக் கொடுத்துவிடும். தன் பிள்ளையாக இருக்க வேண்டும் என்றில்லை. வேறு ஜாதிக் கிருமிக்கும் கொடுக்கும். மாடு தன் குணத்தை ஆட்டுக்குக் கொடுத்தால் எப்படி? அந்த மாதிரி.

ஜப்பானில் 1950-களில் சீதபேதிக் கிருமி ஒன்று நாலு மருந்துக்கு ஒரே சமயத்தில் மசியாமல் போயிற்று. ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாகக் கைத்தவறு நேர்ந்து நாலும் சேர்வது நடக்கிற காரியமில்லை. 1959-ல் விஷயம் வெளிப்பட்டது: குடலில் சாதுவாக இருக்கிற ஈ. கோலைக்கும் சீதபேதிக் கிருமிக்கும் நடுவில் நாலு மருந்துக்கான குறிப்பும் ஒரே சீட்டில் கைமாறிக்கொண்டிருந்தது.

"இது ஆஸ்பத்திரி சமாசாரம், தோட்டத்துக்கு என்ன?" என்பீர்கள். அமெரிக்காவில் பேரி, ஆப்பிள் தோட்டங்களில் கருகல் நோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் அடித்துவந்தார்கள். 1971-ல் கலிபோர்னியாப் பேரித் தோட்டங்களில் மருந்து கேட்காத கிருமி தெரிந்தது. பிறகு 1990-களில் மிச்சிகன் ஆப்பிள் தோட்டத்துக் கிருமியை ஆராய்ந்தபோது, அதன் துண்டுச் சீட்டில், செருகுகட்டையில் நூலைச் சுற்றிப் பருமனாக்குகிற மாதிரி மருந்தையே மாற்றிச் செல்லாததாக்கும் மரபணு இருந்தது. ஏறக்குறைய எழுத்துக்கு எழுத்து அதே மரபணு, மனுஷரிடமும் கால்நடையிடமும் எடுத்த கிருமிகளில் ஏற்கெனவே கண்டதுதான். மரத்துக் கிருமிக்கும் மனுஷக் கிருமிக்கும் நடுவில் வேலி கிடையாது என்று ஆயிற்று.

இப்போது வெற்றிலைக்கு வாருங்கள். நெல்லை அவித்து, குத்தி, பொங்கித் தின்கிறோம். வெற்றிலையை? பறித்து, கவுளி கட்டி, கடைக்கு வந்து, தண்ணீரில் அலசி, சுண்ணாம்பு தடவி அப்படியே வாயில் போடுகிறோம். இலையில் இருக்கும் கிருமி நேராகக் குடலுக்குப் போகிறது. அது நோய் செய்யாத கிருமியாகவே இருக்கட்டும். கையில் சீட்டு இருந்தால் குடலில் இருக்கும் ஈ. கோலைக்குக் கொடுக்கலாம். நாளைக்கு வீட்டில் ஒரு பிள்ளைக்கு வயிற்றுக்கடுப்போ மூத்திரத் தாரையில் புண்ணோ வந்தால், டாக்டர் கொடுக்கிற மருந்து எடுபடாமல் போவதற்கு இது ஒரு வழி.

தண்ணீர் இன்னொரு வழி. பாபநாசத்தில் இறங்குகிற தாமிரபரணி ஊர் ஊராகத் தாண்டி, கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்தில் வடகால், தென்கால் என்று பிரிந்து, மிச்சம் புன்னக்காயலில் கடலைச் சேருகிறது. மேலே ஆஸ்பத்திரிச் சாக்கடையோ கோழிப்பண்ணைக் கழிவோ எது கலந்தாலும் கடைமடைக்காரர் வாசலுக்கு வரும். மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. என்.டி.எம். 1 என்ற மரபணு, கடைசிக் கையிருப்பாக டாக்டர்கள் வைத்திருந்த மருந்துகளையே செல்லாததாக்குவது. அது சென்னையிலும் நோயாளிகளின் கிருமியில் இருந்தது என்று 2010-ல் வெளியிட்டார்கள். மறு வருஷம் டில்லியில் குழாய்த் தண்ணீரிலேயே அகப்பட்டது. அதுவும் பெரும்பாலும் துண்டுச் சீட்டில் போகிற சரக்கு.

அரசாங்கம் சும்மா இல்லை. கோழிக்கும் மற்ற உணவுக் கால்நடைக்கும் கொலிஸ்டின் மருந்து கூடாது என்று 2019 ஜூலையில் தடை வந்தது. பயிரில் ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் 2024 ஜனவரி 1 முதல் கூடாது என்று 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகத்தின் அறிவிப்பு வந்தது. முன்பு கொடிக்காலுக்குப் போர்டோ கலவையோடு இதைச் சேர்த்து அடிக்கச் சொல்லிப் பரிந்துரையே இருந்தது. அதை வைத்துக்கொண்டு இன்னும் சிலர் பொட்டலம் தேடுகிறார்கள். பழைய குறிப்பைக் கிழித்துப் போடுங்கள். கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அப்படியானால் நோய்க்கு என்ன செய்ய? கிருமி பெருக இடம் கொடுக்காமல் இருப்பதுதான் வேலை. நோய் கண்ட கொடியிலிருந்து நடவுத் துண்டு எடுக்காதீர்கள். புள்ளி விழுந்த இலையைப் பறித்துத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரியுங்கள்; வாய்க்காலில் வீசாதீர்கள், அது அடுத்தவர் கொடிக்காலுக்குப் போகும். இலை நனைந்திருக்கும்போது உள்ளே இறங்கி வேலை செய்தால் கையும் துணியுமே கிருமியைப் பரப்பும். போர்டோ கலவை அடிப்பதானால் இலை பறித்த பிறகு அடியுங்கள். நெல்லில் யூரியாவைக் கொட்டாதீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் இலைக்கருகலுக்கு விருந்து. நாற்றின் நுனியைக் கிள்ளி நடுகிற வழக்கத்தை விடுங்கள், கிள்ளிய வாய் கிருமிக்கு வாசல். நோய் கண்ட வயல் தண்ணீரை அடுத்த வயலுக்கு மடை திறக்காதீர்கள். கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலந்து விதைக்கலாம். அதுவும் பாக்டீரியாதான், நம் பக்கத்து ஆள்.

ஆட்டுக்கும் கோழிக்கும் கால்நடை டாக்டர் சொல்லாமல் ஊசி வேண்டாம். சொன்னால் சொன்ன நாள் வரை போடுங்கள். அந்த நாளும் அதற்குப் பின் அவர் சொல்கிற கெடுவும் முடியும்வரை பாலையும் கறியையும் விற்காதீர்கள்.

நெல்லில் கருகல் கண்டால் கிருமியா வேறு கோளாறா என்று நீங்களே பார்க்கலாம். கருகத் தொடங்கிய இலையைப் பச்சையும் காய்ந்ததும் சேருகிற இடத்தில் குறுக்காக வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் விட்டு வெட்டுவாயை அமிழ்த்துங்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் மாதிரி இழை இறங்கித் தண்ணீர் கலங்கினால் பாக்டீரியா. கலங்காவிட்டால் வேறு காரணம் தேட வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் நாலைந்து இலையைக் காகிதத்தில் சுற்றி, கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரிப் பயிர்நோய்ப் பிரிவில் கொண்டுபோய்க் காட்டுங்கள். பாலித்தீன் பையில் அடைக்காதீர்கள். வியர்த்து அழுகிவிடும், அப்புறம் எந்தக் கிருமி முதலில் வந்தது என்று அவர்களாலும் சொல்ல முடியாது.