எட்டுப் பேர் ஐந்து பேரானோம்

எனக்கு வயது 61. கணவர் காலமாகி ஆறு வருடங்களாகின்றன. ஒரே மகள் சென்னையில். திருப்பனந்தாளில் ஒரு பெரிய வீட்டைக் கட்டிக் கொண்டு தனியாக மாரடிக்கிறேன்.

கும்பகோணத்தில் என்னோடு கல்லூரியில் படித்த சிநேகிதிகள் பலரும் இதே நிலையில்தான் இருந்தார்கள். ஒரு கல்யாணத்தில் சந்தித்தபோது, "எல்லாரும் சேர்ந்து ஒரே இடத்துல வீடு கட்டிக்கிட்டா என்னடி?" என்றாள் சிதம்பரத்துக்காரி. முதியோர் இல்லம் இல்லை. ஆளுக்கொரு சின்ன வீடு, அவரவர் அடுப்பு, அவரவர் பூட்டு. நடுவில் ஒரு பொதுக் கூடம், பெரிய சமையலறை. மதியச் சாப்பாடு மட்டும் ஒன்றாக. ராத்திரி நெஞ்சு வலித்தால் கதவைத் தட்ட ஆள் இருக்கும்.

எட்டுப் பேர் சேர்ந்தோம். ஆளுக்கு 5 லட்சம் போட்டு, எங்கள் ஊருக்குப் பக்கத்தில் 40 சென்ட் மனையைக் கூட்டாகப் பத்திரம் செய்தோம். வீட்டுப் படம் போட்டு, யாருக்கு எந்த வாசல் என்று பேசியே மூன்று மாதம் ஓடியது. அதைவிட சந்தோஷமான நாட்கள் எனக்குச் சமீபத்தில் இல்லை.

முதலில் மயிலாடுதுறைக்காரி விலகினாள். பெங்களூரில் மருமகளுக்குப் பிரசவம், பேரனைப் பார்த்துக் கொள்ள ஆள் இல்லை. "பணம் மெதுவா கொடுங்க" என்று அழுது கொண்டே போனாள். கோபப்பட முடியுமா?

இரண்டாவதாகப் போனவள் சீர்காழிக்காரி. அதற்குக் காரணம் நான்தான். பொதுச் சமையலறை பற்றிப் பேசும்போது, "மீன் வாசனை வந்தா எனக்கு ஆகாதும்மா" என்று சொல்லிவிட்டேன். "அப்ப நான் எதுக்குடி உங்களோட?" என்று செருப்பை மாட்டிக் கொண்டு கிளம்பியவள்தான். மூன்றாவது சிநேகிதியின் கணவருக்கு இதய அறுவை சிகிச்சை. அவளுக்குப் பணம் உடனே தேவைப்பட்டது.

ஆள் போனால் மனசு மட்டுமா வலிக்கிறது? கணக்கும் இடிக்கிறது. ஆழ்குழாய்க் கிணறு, சுற்றுச்சுவர், மின் இணைப்பு எல்லாம் சேர்த்து 8 லட்சம் என்று கொத்தனார் சொல்லியிருந்தார். எட்டுப் பேர் என்றால் தலைக்கு ஒரு லட்சம். ஐந்து பேர் என்றால் 1,60,000. எங்கள் பக்கம் களிமண் பூமி, அஸ்திவாரச் செலவு வேறு. "பேசாம மனையை வித்துடலாம்" என்று இரண்டு பேர் ஆரம்பித்து விட்டார்கள்.

எங்கள் ஊர்க் கோவிலில், தாடகைக்காகச் சாய்ந்த சிவலிங்கத்தை யானைகள் இழுத்தும் நிமிராமல், குங்கிலியக் கலய நாயனார் தன் கழுத்தில் கயிறு கட்டி இழுத்து நிமிர்த்தினார் என்பது தலபுராணம். ஒற்றைக் கழுத்தால் இழுக்க நான் என்ன நாயனாரா என்று சந்நிதியில் நின்று புலம்பியிருக்கிறேன்.

அந்தச் சமயம் என் மகள் ஒரு விஷயம் சொன்னாள். இந்த மாதிரிக் கூட்டுக் குடியிருப்பு டென்மார்க் நாட்டில்தான் பிரபலமாம். யான் குட்மன்ட் ஹோயர் என்ற கட்டடக்கலைஞர் 1964-ல் சிநேகிதர்களோடு பன்னிரண்டு வீடுகளுக்கு இடம் வாங்கி, அக்கம்பக்கத்தார் எதிர்த்ததால் அந்த இடத்தையே விற்க வேண்டி வந்ததாம். 1968-ல் தன் யோசனையைப் பத்திரிகையில் எழுத, நூற்றுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் விசாரித்தன. 1972-ல் 27 வீடுகள், அடுத்த வருடம் வேறிடத்தில் 33 வீடுகள் எழுந்தன. எட்டு வருடம்! நாங்கள் ஒன்றரை வருடத்தில் ஒப்பாரி வைக்கிறோமே என்று வெட்கமாகிவிட்டது.

மிச்சமிருந்த ஐவரும் உட்கார்ந்து பேசினோம். அறுவை சிகிச்சைக்காரிக்கு ஆளுக்கு ஒரு லட்சம் போட்டு ஒரே மாதத்தில் 5 லட்சத்தையும் கொடுத்தோம். என் பங்குக்கு வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. மற்ற இருவருக்கும், மாற்று ஆள் வந்ததும் தருவது என்று எழுதிக் கொண்டோம். சீட்டில் பாதியில் நிற்பவருக்குப் பதில் ஆள் சேர்ப்பதில்லையா, அது மாதிரி. இதை முதல் நாளே எழுதியிருக்க வேண்டும். சிநேகிதிகளுக்குள் பத்திரம் எதற்கு என்று இருந்தது எங்கள் முட்டாள்தனம். விலகுகிறவர் தன் பங்கைப் பதிவு அலுவலகத்தில் முறையாக எழுதிக் கொடுக்க வேண்டும். குடும்பத்தாருக்குள் உள்ள கட்டணச் சலுகை சிநேகிதிகளுக்குக் கிடையாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. வீட்டுப் படத்தையும் மாற்றினோம். இப்போது ஐந்து வீடு, சிறிய கூடம். மூன்று வீட்டுக்கான இடம் காலியாக இருக்கும்.

சீர்காழிக்கு நான் தனியாகப் போனேன். அவரவர் வீட்டு அடுப்பில் அவரவர் இஷ்டம், பொதுச் சமையல் மட்டும் சைவம் என்று எழுதியதைக் காட்டினேன். படித்துவிட்டு, "இது சரிதான். ஆனா அன்னிக்கு நீ மூக்கைப் பொத்திக்கிட்டு பேசினியே, அதை மறக்க முடியலடி" என்றாள். மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தாள். திரும்பி வருகிறேன் என்று சொல்லவில்லை. பொங்கலுக்கு மட்டும் மனைக்கு வந்து, எங்களோடு பானை வைத்துவிட்டுப் போனாள்.

போன வாரம் ஆடுதுறையிலிருந்து ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் மனையைப் பார்க்க வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "நடுவுல போகணும்னா பணம் எப்போங்க தருவீங்க?" என்பதையே முதலில் கேட்டார். பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து நீட்டினேன்.

- ஒரு வாசகி, திருப்பனந்தாள்.