எரிச்சல் அடங்கினால் குணமாகிவிட்டதா?

ஏகாதசிக்கு முழுப் பட்டினி, மறுநாள் விடியலில் வயிறு நிறையப் பாரணை. ஸ்ரீரங்கத்துப் பெரியவர்கள் பலருக்கு இது வழக்கம். காவிரிப் பாலத்தைத் தாண்டினால் திருச்சியில் பெல், பொன்மலை என்று வேலைக்குப் போய் வருகிறவர்கள். அவர்களில் சிலருக்கு இரவு பதினொரு மணிக்குப் பரோட்டா, உடனே படுக்கை. பழக்கம் வேறு வேறு. புகார் மட்டும் ஒன்றுதான்: ‘நெஞ்சு கரிக்குது!’

மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டால் அடங்கிவிடும். அப்படியே பத்து வருடங்கள் ஓடிவிடும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம். அதன் கீழ்முனையில் இருக்கும் சுருக்குத் தசை தளர்ந்தால் வயிற்று அமிலம் மேலே ஏறும். அமிலத்தைத் தாங்கும் கவசம் இரைப்பைக்கு உண்டு; உணவுக்குழாய்க்கு அந்த அளவுக்கு இல்லை. அடிக்கடி அமிலம் பட்டால் புண்ணாகும். புண் ஆறி ஆறித் தழும்பேறினால் குழாயே குறுகிவிடும்.

முதலில் சப்பாத்தியும் இறைச்சியும் நெஞ்சில் நிற்கும். தண்ணீர் குடித்து இறக்குவார்கள். பிறகு தானாகவே ரசம் சாதத்துக்கு மாறிவிடுவார்கள். ‘வயசாச்சு, அப்படித்தான்’ என்று வீட்டிலும் சாதத்தைக் குழைய வடித்துப் போடுவார்கள். ஆனால் விழுங்கச் சிரமப்படுவது முதுமையின் இயல்பு அல்ல, நோயின் அறிகுறி.

சிலருக்கு உணவுக்குழாயின் உள்சவ்வு மாறி, குடலின் சவ்வு போலாகிவிடும். 1950-ல் இதைப் பற்றி எழுதிய லண்டன் அறுவை சிகிச்சை நிபுணரின் பெயரால் இது ‘பாரெட் உணவுக்குழாய்’ எனப்படுகிறது. இந்தப் புதிய சவ்வுக்கு எரிச்சல் அவ்வளவாக உறைக்காமல் போகலாம். ‘இப்போதெல்லாம் கரிப்பதே இல்லை’ என்று நிம்மதியாக இருப்பவருக்கும் பாரெட் இருக்கக்கூடும்.

இது புற்றுநோயாக மாறலாம். ஆனால் பதற வேண்டாம். செல்கள் உருத்திரியாத நிலையில், ஆண்டுக்கு நூறில் ஒருவருக்கும் குறைவாகவே அப்படி மாறுகிறது. முன்கூட்டியே கண்டுபிடித்தால் எண்டோஸ்கோப்பி மூலமாகவே சிகிச்சை செய்ய வழி இருக்கிறது. குறுகிய குழாயையும் பலூன் வைத்து விரிக்கலாம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, கருப்பு மலம், ரத்தசோகை. இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதம் கூடாது. ஐம்பதைத் தாண்டிய, தொப்பையோ புகைப்பழக்கமோ உள்ள ஆண்களுக்குப் பல வருட நெஞ்செரிச்சல் இருந்தால், எண்டோஸ்கோப்பி தேவையா என்று கேட்டுவிடுவது நல்லது. வெறும் வயிற்றில் சில நிமிடங்களில் முடிகிற பரிசோதனைதான் அது. வியர்வையோடு நெஞ்சு வலித்தால் ‘கேஸ்’ என்று காத்திருக்காதீர்கள். அது மாரடைப்பாகவும் இருக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை: சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேர இடைவெளி. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் அரையடிக் கட்டை. இடப்பக்கமாகப் படுப்பது. அமிலத்தைக் குறைக்கும் பான்டோபிரசோல் போன்ற மாத்திரையை டாக்டர் கொடுத்திருந்தால், சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு போடுவது.

அடுத்தமுறை வீட்டுப் பெரியவர் ‘எனக்கு இட்லி வேண்டாம், கஞ்சி போதும்’ என்றால், கஞ்சி வைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘ஏன், இறங்க மாட்டேங்குதா?’