ஜாம்கேட்டிலிருந்து எது வந்தது, எது வரவில்லை



இந்த மேடையில் நினைவுரை என்றால் இலக்கியம் பேசுவதுதான் வழக்கம். நான் மருந்துப் பை பற்றிப் பேச வந்திருக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பையிலிருந்து மாத்திரையை எடுத்துத் தரும் கை யாருடையது, அது வாங்குபவரின் கையில் படுகிறதா என்பதெல்லாம் நம் எழுத்துக்கு அந்நியமான விஷயங்கள் இல்லை.

ஓர் ஊரில் நன்றாக வேலை செய்த சுகாதார முறையை மாநிலம் முழுக்க, நாடு முழுக்கக் கொண்டுபோவது எப்படி? அரசும் நிதி தருபவர்களும் இதைச் செலவு, பயிற்சி, கண்காணிப்பு என்றே பார்க்கிறார்கள். சமூகவியல் படித்தவளுக்கு வேறொரு கேள்வி எழுகிறது. அந்த ஊரில் உண்மையில் வேலை செய்தது எது? பரவும்போது அதுவும் கூட வந்ததா?

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த ரஜனிகாந்த் ஆரோளே, மேபெல் ஆரோளே தம்பதி 1970-இல் மகாராஷ்டிரத்தில், அன்றைய அகமத்நகர் மாவட்டத்து ஜாம்கேட்டில் வேலையைத் தொடங்கினார்கள். வறண்ட பூமி. அப்போது அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 170-க்கு மேல் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. ஆரம்பத்தில் எல்லோரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். பயிற்சி பெற்ற துணைச் செவிலியர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அவர்களால் அங்கே தங்கவும் முடியவில்லை, ஊர்ப் பெண்களோடு ஒட்டவும் முடியவில்லை. பிறகுதான் அந்தந்த ஊர்ப் பெண் ஒருவரையே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும் முறை வந்தது. அப்படி வந்தவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். பலர் தலித் பெண்கள்.

பயிற்சி நடந்த விதத்தைக் கவனியுங்கள். வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வந்து தங்கிப் படித்தார்கள். எல்லாச் சாதிப் பெண்களும் சேர்ந்து சமைத்துச் சேர்ந்து சாப்பிட வேண்டும். ஒரே தரையில், சேர்த்துத் தைத்த ஒரே பெரிய போர்வைக்குள் படுக்க வேண்டும். ஆழ்துளைக் கிணறுகளுக்கு இடம் குறித்தபோது, அவை தலித் குடியிருப்புக்குள் அமையும்படி பார்த்துக்கொண்டார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் மேல்சாதிப் பெண்கள் அங்கேதான் குடத்தோடு வர வேண்டும். மகத் குளத்தில் அம்பேத்கர் இறங்கிய அதே மகாராஷ்டிரத்தில், அந்தப் போராட்டத்துக்கு நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் தண்ணீர் இப்படித்தான் கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது.

1990-களின் தொடக்கத்தில் ஜாம்கேட் கிராமங்களில் குழந்தை இறப்பு ஆயிரத்துக்கு 20-ஐ ஒட்டி இறங்கியிருந்தது. வயிற்றுப்போக்குக்கு உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர், பிரசவத்துக்குச் சுத்தமான பிளேடு, தடுப்பூசி, எடை பார்ப்பது. இவை எந்தப் பாடப்புத்தகத்திலும் இருப்பவை. ஒரு தலித் பெண் கலக்கிய தண்ணீரை மேல்சாதி வீட்டுத் தாய் தன் குழந்தையின் வாயில் ஊற்றச் சம்மதித்தாளே, அதுதான் அங்கே நடந்த கண்டுபிடிப்பு என்பேன். ஜாம்கேட்டில் சாதி ஒழிந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. சாதியை ஒதுக்கிவைத்துவிட்டுச் சுகாதாரம் பேச முடியாது என்பதை அவர்கள் முதல் சில ஆண்டுகளிலேயே தெரிந்துகொண்டார்கள்.

அதே மாநிலத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் செய்த வேலை இன்னொரு படி. பச்சிளம் குழந்தைகளை வீட்டிலேயே கவனிக்கக் கிராமப் பெண்களைப் பழக்கினார்கள். ரத்தத்தில் கிருமித்தொற்று வந்த சிசுவுக்கு ஜென்டாமைசின் ஊசி போடவும் அந்தப் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். 39 கிராமங்களில் நடந்த அந்தச் சோதனையின் முடிவு 1999-இல் லான்செட் இதழில் வெளியானது. முதல் 28 நாட்களில் நிகழும் சிசு மரணம், திட்டம் இல்லாத கிராமங்களோடு ஒப்பிட, 62 சதவீதம் குறைந்திருந்தது.

இவையெல்லாம் நாடு முழுக்கப் பரவின. 2005-இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் ஆயிரம் பேருக்கு ஓர் ஆஷா பணியாளர் என்று ஏற்படுத்தியது. 2011 முதல் அவர்கள் பிறந்த குழந்தையின் வீட்டுக்கு 42 நாட்களுக்குள் ஆறேழு முறை போகிறார்கள். இதனால் உயிர்கள் பிழைத்திருக்கின்றன, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வழியில் என்ன உதிர்ந்தது என்று பாருங்கள். ஆஷாவாக எட்டாம் வகுப்பு படித்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. ஆள் கிடைக்காவிட்டால் தளர்த்தலாம் என்ற வரியும் உண்டு. ஆனால் படித்த பெண் எந்தத் தெருவில் எளிதாகக் கிடைப்பாள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஜாம்கேட்டின் முதல் பெண்களில் பலருக்கு இந்த விதிப்படி பணியே கிடைத்திருக்காது. ஊசி போடும் அதிகாரம் ஆஷாவுக்குத் தரப்படவில்லை. ஆபத்தைக் கண்டுபிடித்து மேலே அனுப்புவதே அவர் வேலையானது. ‘தன்னார்வலர்’ என்ற பெயரை மட்டும் அரசு ஆசையோடு எடுத்துக்கொண்டது. செய்த வேலைக்கு ஊக்கத்தொகை, ஊழியர் என்ற அந்தஸ்து கிடையாது. போர்வையைப் பற்றி எந்தப் பயிற்சிக் கையேடும் பேசவில்லை.

போர்வை சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள், குஜராத்திலும் ராஜஸ்தானிலும் தலித் குழந்தைகளுக்குச் சிகிச்சை கிடைக்கும் விதத்தைப் பற்றி சங்கமித்ரா ஆச்சார்யா செய்த ஆய்வைத் தேடிப் படியுங்கள். தொட்டுப் பார்ப்பதில், மருந்து கொடுப்பதில், பேசும் நேரத்தில் பாகுபாடு எப்படி நுழைகிறது என்று அது காட்டுகிறது. எனக்கு அது புதிய செய்தியாக இல்லை. என் சிறுவயதில் எங்கள் காலனிக்கு வந்துபோன ஒரு நர்ஸம்மா மாத்திரையை உள்ளங்கையில் வைக்க மாட்டார், ஒரு சாண் உயரத்திலிருந்து போடுவார். கீழே விழுந்ததை ஊதிவிட்டு விழுங்குவோம். பதிவேட்டில் ‘மருந்து வழங்கப்பட்டது’ என்றுதான் இருந்திருக்கும்.

இனி தமிழ்நாடு. இங்கே கிராம சுகாதாரச் செவிலியர்கள் நெடுங்காலமாக இருப்பதால் ஆஷா பெரும்பாலும் மலைப்பகுதிகளோடு நின்றுவிட்டது. வீடு தேடிப் போகும் யோசனை இங்கே பெரிதாக வந்தது மக்களைத் தேடி மருத்துவம் மூலம்தான். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய இந்தத் திட்டத்தில் மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் வீடுவீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாதாந்திர மாத்திரைகளைக் கொடுக்கிறார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க முடியாத நம் பெரியவர்களுக்கு இது பெரிய காரியம். இதைக் குறை சொல்லி ஒதுக்கிவிடுவது நமக்குக் கட்டுப்படியாகாது. அதனால்தான் கேட்கிறேன். தன்னார்வலர்களில் எத்தனை பேர் தலித் பெண்கள்? அவர்கள் ஊர்த்தெருவில் எந்தப் படிவரை போகிறார்கள்? ஊர்த்தெருப் பெண் காலனியில் எந்த வீட்டில் உட்காருகிறார்? திட்டத்தின் படிவங்களில் இதற்குக் கட்டம் இல்லை. முதுகலை ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்கள் ஒரு தன்னார்வலரோடு மூன்று நாள் நடந்தால் போதும்.

நான் நடந்தேன். காலனியிலிருந்து தேர்வான பெண், நடுத்தர வயது, வேலையில் கெட்டி. ஊர்த்தெருவில் ஒரு வீட்டில் வாசலிலேயே நிற்கவைத்தார்கள். “மெஷினக் குடும்மா, நாங்களே பாத்துக்கிறோம்” என்று மருமகள் வந்து பிரஷர் மெஷினை வாங்கி உள்ளே கொண்டுபோனார். உள்ளேயிருந்து இரண்டு எண்களைக் கத்திச் சொன்னார்கள். அந்தப் பெண் வெயிலில் நின்றபடியே அவற்றைக் கைப்பேசியில் பதிந்துகொண்டார். மெஷின் திரும்பி வந்தபோது திண்ணை ஓரத்தில் வைக்கப்பட்டது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, “அடுத்த வீடு போலாங்கக்கா” என்றார்.