'லெட்' என்னும் ஆங்கில வினைச்சொல்

'லெட்' என்பது 'அனுமதி' எனப் பொருள்படுவதை நாம் அறிவோம். ஆயினும் 1611-ஆம் ஆண்டின் ஆங்கில வேதாகமத்தில், ரோமர் 1:13-லும் 2 தெசலோனிக்கேயர் 2:7-லும் அச்சொல் 'தடைசெய்' என்றே பொருள்படுகின்றது.

ஒரே சொல் தனக்குத்தானே முரண்படுவது எங்ஙனம்? உண்மையில் இவை இரு வேறு சொற்கள். பழைய ஆங்கிலத்தில் விட்டுவிடுதலுக்கு 'லேட்டன்' என்றும், தடுத்தலுக்கு 'லெட்டன்' என்றும் வழங்கினர். காலப்போக்கில் இரண்டும் ஒரே வடிவம் பெற்றன. தடுத்தற்பொருள் பேச்சுவழக்கில் மறைந்தது. நம் கடவுச்சீட்டின் ஆங்கில வாசகத்தில் அது பெயர்ச்சொல்லாய் இன்றும் நிலைத்திருக்கின்றது.

இதனை அறியாதவர், ரோமாபுரிக்கு வரத் தடுக்கப்பட்ட பவுலை அனுமதி பெற்றவராக்கி, அப்போஸ்தலருடைய ஏக்கத்தையே மறைத்துவிடுவர். அதனினும் கேடானது, தெசலோனிக்கேயர் நிருபத்தில் அக்கிரமத்தைத் தடுத்துநிற்பவரை அதற்கு இடங்கொடுப்பவராக்குவதாம். உபதேசமே தலைகீழாய்ப் புரளும்.

நம் தமிழ் வேதாகமமோ இவ்விரு இடங்களிலும் 'தடை' என்றே தெளிவாய் உரைக்கின்றது. ஆகவே ஆங்கில நூல்களைக்கொண்டு பிரசங்கம் ஆயத்தம்பண்ணும் நாம், பழகிய சொல்லென்று நம்பி விரைந்து செல்லாமல், கிரேக்க மூலத்தையும் தமிழ் மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்து ஒப்புநோக்குவோமாக.