தீயணைப்புச் சான்றிதழ்: செலவும் பிரயோஜனமும்

பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ தேறிவிட்டு, மிளகும் காப்பியும் மரவள்ளியும் தரும் வருமானம் குடும்பத்துக்கே போதாமையால் மேற்கொண்டு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும் கொல்லிமலை இளைஞனை, நாமக்கல்லிலும் சேலத்திலும் கண்ணில் படுகிற விளம்பரங்களுள் எளிதில் வசீகரிப்பது ‘ஃபயர் அண்ட் சேஃப்டி’ படிப்பு. ஆறு மாதமோ ஓராண்டோ படித்தால் உத்தியோகம் நிச்சயம் என்கிறார்கள். கட்டணம் சில பத்தாயிரங்கள். மலையை விட்டு இறங்கித் தங்குவதால் விடுதி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் தனி. அத்தனை மாதமும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த கூலியும் நின்றுபோகும். நகையை அடகு வைத்துத்தான் இதைச் சமாளிக்க வேண்டும் என்னும் நிலையிலுள்ள குடும்பம், அந்தச் சான்றிதழை யார் கேட்கிறார்கள் என்ற விசாரணையைப் பணம் கட்டுவதற்கு முன்பே செய்துகொள்ள வேண்டும்.

அரசுத் தீயணைப்புத் துறை அதைக் கேட்பதில்லை. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் தீயணைப்பாளர் பதவிக்கு வைத்திருக்கும் கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே. பழங்குடியினருக்கு வயது வரம்பு 31. அவர்களுக்கு உயரம் 167 சென்டிமீட்டர் இருந்தால் போதும். எழுத்துத் தேர்வில் தேறியவன் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்துக்குள் ஓடி, கயிறு ஏறிக் காட்ட வேண்டும். தேர்வானபின் பயிற்சியைத் துறையே அளிக்கிறது. சம்பள விகிதம் ரூ.18,200-இல் தொடங்குகிறது. சிறு வயதுமுதல் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து பழகிய பிள்ளைகளுக்கு ஓட்டம் பெரிய தடையாக இராது. எழுத்துத் தேர்வுக்கான நல்ல வழிகாட்டுதல்தான் மலைக்கு வந்து சேரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

தொழிற்சாலைகளின் நிலைமை வேறு. ஆயிரம் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் ஆலைகளில் பாதுகாப்பு அதிகாரியை நியமிக்க 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே வழிவகுத்தது. ஆயினும் அப்பதவிக்குப் பொறியியல் பட்டமோ பட்டயமோ பெற்று, சில ஆண்டு அனுபவமும் இருந்து, அவற்றின்மேல் அரசு அங்கீகரித்த தொழிற்பாதுகாப்புப் பட்டயமும் இருக்க வேண்டும் என்பது பொதுவான நிபந்தனை. அடிப்படைப் படிப்பில்லாமல் தனியார் சான்றிதழை மட்டும் கொண்டுசெல்பவனுக்குப் பெரும்பாலும் கிடைப்பது, பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் காலத்தில் வெல்டிங் நடக்கும் இடத்தில் தண்ணீர்க் குழாயோடு நிற்கும் ஃபயர் வாட்சர் வேலை. இல்லையேல் மாதம் ஒருமுறை தீயணைப்புச் சிலிண்டர்களைச் சுற்றிப் பார்த்து, அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா, பின்னும் முத்திரையும் கலையாமல் இருக்கின்றனவா, ரப்பர்க் குழாய் வெடித்திருக்கிறதா என்று சோதித்து அட்டையில் கையெழுத்திடும் வேலை. கௌரவமான வேலைதான், ஆனால் அதைக் கற்க அத்தனை பணமும் ஓராண்டும் தேவையில்லை.

தீயணைக்கும் வித்தையின் அருமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் சமையல் கூடத்தில் பிடித்த தீ பள்ளியின் கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் காய்ந்த புல்லில் பரவிய நெருப்பு மலையேறப் போனவர்களைச் சூழ்ந்து பலரைக் கொன்றது. கோடையில் கொல்லிமலைச் சரிவில் தீப்பிடித்தால், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஒரு வண்டி மேலே வந்து சேருமுன் நெருப்பு எவ்வளவு தூரம் ஏறிவிடும்! தீத்தடுப்புக் கோடு வெட்டவும், காற்றின் திசையறிந்து விலகவும் தெரிந்தவர்கள் ஊருக்கு ஊர் இருப்பது மிக அவசியம். அந்தப் பயிற்சி கட்டணமின்றி மலைக்கே வரவேண்டும்.

பிழைப்புக்கு வழி தேடும் இளைஞனுக்கு, கொல்லிமலையிலேயே உள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையம் முதற்படியாக அமையலாம். அரசு நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை; மாதம் ரூ.750 உதவித்தொகை உண்டு. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவருக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் ரூ.1,000-உம் சேரும். எலக்ட்ரீஷியன், ஃபிட்டர் போன்ற தொழிலொன்றைக் கற்று, ஆலையில் சில ஆண்டு வேலை பார்த்தவன் அதன்பின் பாதுகாப்புப் படிப்புக்குச் செலவிட்டால், அந்தச் சான்றிதழ் அவனுடைய கைத்தொழிலோடு சேர்ந்து ஊதியத்தை உயர்த்தக்கூடும். அப்போதும் நிறுவனத்தின் அங்கீகாரம் உண்மைதானா என்பதைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் நேரில் கேட்டறிந்த பின்னரே முதல் தவணையைக் கட்டலாம்.