தேயிலைத் துவர்ப்பும் பால்மறந்த குட்டியும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில் 1929ஆம் ஆண்டு ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். அத்தகைய தோட்டங்களில் தமிழர் பறித்த கொழுந்து, ஆலையில் உருட்டப்படும்போது செல்கள் உடைகின்றன. இலையிலுள்ள நொதியின் துணையால் காற்றின் ஆக்சிஜன், கேட்டக்கின் என்னும் துவர்ப்புப் பொருளை மாற்றுகிறது. பச்சை இலை செம்பு நிறம் கொள்கிறது. இதுவே ஆக்சிஜனேற்றம். சூட்டினால் நொதியை முன்னரே செயலிழக்கச் செய்தால் கேட்டக்கின் பெரிதும் எஞ்சும். அதுவே பச்சைத் தேயிலை.

உயிருடலிலும் ஆக்சிஜனேற்றம் இடையறாது நிகழ்கிறது. அது மிகுந்து செல்களைச் சிதைக்காமல் காப்பவை ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள். இச்சமநிலை குலைவதைப் பால்மறக்கச் செய்யப்படும் பன்றிக்குட்டியிடம் தெளிவாகக் காணலாம்.

இயற்கையில் குட்டி மூன்று, நான்கு மாதங்களில் சிறிது சிறிதாகத் தாய்ப்பாலை விடுகிறது. பண்ணையிலோ 3 அல்லது 4 வாரங்களில் ஒரே நாளில் பிரிக்கப்படுகிறது. புதிய கொட்டிலும் உலர்தீவனமும் கண்டு மிரளும் குட்டி, முதல் ஓரிரு நாள் சரிவர உண்பதில்லை. அதனால் சிறுகுடலில் சத்தை உறிஞ்சும் நுண்விரல்கள் குறுகுகின்றன, கழிச்சல் தோன்றுகிறது, வளர்ச்சி தளர்கிறது.

இதனைத் தடுக்க நெடுங்காலம் நுண்ணுயிர்க்கொல்லிகளும் துத்தநாக ஆக்சைடும் தீவனத்தில் கலக்கப்பட்டன. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகும் என்ற அச்சத்தால், வளர்ச்சிக்காக நுண்ணுயிர்க்கொல்லி கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் தடை செய்தது. மண்ணில் துத்தநாகம் சேர்வதும் கவலை தந்தமையால், மருந்தளவுத் துத்தநாக ஆக்சைடும் 2022இல் விலக்கப்பட்டது. ஆகவே மாற்றுவழிகளை ஆய்வாளர் நாடுகின்றனர். அவற்றுள் உயிர்ச்சத்து ஈ, செல்சவ்வின் கொழுப்பைக் காக்கிறது. செலினியம், கேடு விளைக்கும் பெராக்சைடுகளை அகற்றும் நொதியின் உறுப்பாகிறது. கேட்டக்கின் முதலிய தாவரப் பொருள்களும் ஆராயப்படுகின்றன.

எனினும் அளவறிந்து இடுதல் வேண்டும். தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் தீவனத்து இரும்பைப் பிணைப்பவை. பன்றிக்குட்டியோ இரும்புச் சேமிப்புக் குறைவாகப் பிறப்பது. தாய்ப்பாலும் அக்குறையை நிரப்பாது. பிறந்த சில நாள்களில் அதற்கு இரும்பு ஊசி போடுவது இதனாலேயே. தேயிலைச் சாறு மிகுந்தால், காக்க வந்த பொருளே இரத்தசோகைக்கு வழிவகுக்கலாம். செலினியமும் அளவு மீறினால் நஞ்சாகும். மேலும், சோதனைக்குழாயில் வல்லமை காட்டும் கேட்டக்கின், குடலிலிருந்து குருதியில் சிறிதளவே சேர்கிறது.

எனவே சேர்க்கைப்பொருள் துணை மட்டுமே. இன்னும் சில நாள் தாயோடு விடுதல், பிரிக்குமுன்பே தீவனத்தைப் பழக்குதல், வெதுவெதுப்பான கொட்டில், தூய நீர் ஆகியவையே முதன்மையானவை. தடுப்பியைத் தேடுமுன் துன்பத்தின் காரணத்தைக் குறைத்தல் வேண்டும் என்பதை மாணவர் இங்குக் கற்கலாம்.